லிஃப்டில் டுரியானைத் தடுப்பது யார்? பிரிவென்ட், புரொஹிபிட், எக்ஸ்குளூட்: எதை எங்கே எழுதுவது

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘டுரியான்ஸ் ஆர் ஸ்ட்ரிக்ட்லி பிரிவென்டட் இன் திஸ் லிஃப்ட்’ என்று. மூக்கைத் துளைக்கும் அந்த டுரியான் பழத்தின் பருவம் வந்து போய், தாளின் ஓரமும் சுருண்டு, யாரோ ஒரு பிள்ளை அதில் முள்ளு முள்ளாக ஒரு பழம் வரைந்தும் ஆயிற்று. நான் தினமும் பார்த்தும் பார்க்காத மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை கண்ணில் படும் தாளையெல்லாம் திருத்தத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

போன மாதம் அந்தத் தாளை எழுதியவரே வீட்டுக்கு வந்தார். நிர்வாகக் குழுவின் செயலாளர், என் மகனைவிடச் சிறியவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய குடியிருப்பு விதிகளை வைக்கப்போகிறார்களாம். ஏழு பக்கம், எல்லாம் ஆங்கிலத்தில். “டீச்சர், பிரிவென்ட் பிரிவென்ட்னு ஒரே வார்த்தையா வருது. கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்டுக் கொடுங்க, படிக்க நல்லா இருக்கும்” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடத்தில் பிரிவென்ட், நான்கு இடத்தில் எக்ஸ்குளூட். மாற்றத்தான் வேண்டும், ஆனால் படிக்க நன்றாக இருப்பதற்காக இல்லை. எல்லாம் கரண்டிதானே என்று ஜல்லிக்கரண்டியில் ரசம் ஊற்ற முடியுமா? பிரிவென்ட், புரொஹிபிட், ஃபர்பிட், பேன், பார், எக்ஸ்குளூட், பிரிக்ளூட் என்று எதை அகராதியில் பார்த்தாலும் எதிரே தடு, தடை செய், விலக்கு என்ற மூன்று சொற்கள்தான் இடம் மாறி மாறி நிற்கும். அகராதி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் விதி எழுதுகிறவருக்கு அது போதாது.

செயலாளர் தம்பி ஏன் வழுக்கினார் என்பதும் புரிந்தது. தமிழில் தடு, தடை இரண்டும் ஒரே வேர். ‘புகைபிடிக்கத் தடை’ என்று பலகை வைக்கிறோம். ‘பெரிய விபத்தைத் தடுத்தார்’ என்றும் சொல்கிறோம். நம் காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆங்கிலத்தில் முதலாவது புரொஹிபிட், இரண்டாவது பிரிவென்ட், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புரொஹிபிட் என்பது சொல்லால் செய்வது. அதிகாரம் உள்ள ஒருவர், அல்லது ஒரு சட்டம், ‘கூடாது’ என்கிறது. சொன்ன பிறகும் காரியம் நடக்கலாம், நடந்தால் குற்றம், அவ்வளவுதான். பிரிவென்ட் என்று எழுதினால் அந்தக் காரியம் நடக்கவே இல்லை என்று பொருள். ஆகவே பலகை எதையும் பிரிவென்ட் செய்வதில்லை. பூட்டு செய்யும், கம்பிக் கதவு செய்யும், கையை நீட்டி மறிக்கும் காவலாளி செய்வார். டுரியான்களை பிரிவென்ட் செய்துவிட்டோம் என்றால் பகாங் தோட்டங்களில் மரம் காய்க்காமலே பார்த்துக்கொண்டோம் என்ற மாதிரி இருக்கிறது.

இந்த ஊரில் இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. சந்தேகம் வந்தால் மலாயில் நினைத்துப் பாருங்கள். சுவரில் ‘டிலாராங் மெரோக்கோக்’ என்று இருக்கிறதே, புகைபிடிக்கத் தடை என்று, அந்த லாராங் வரும் இடமெல்லாம் புரொஹிபிட். வீட்டு கேட்டில் ‘ஜாங்ஙான் ஹாலாங்’ என்று எழுதி வைப்பார்கள், வழியை மறிக்காதே என்று. அந்த ஹாலாங், பார் அல்லது பிளாக்குக்குப் பக்கத்தில் வரும். 2009இல் தொடங்கிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் மலாய்ப் பெயரில் ‘பென்செகாஹான்’ இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் செகா, பிரிவென்ட். (ஆங்கிலப் பெயரில் அந்தச் சொல்லே இல்லை, ‘ஆன்டி’ என்று போட்டுவிட்டார்கள்.) லிஃப்டில் ‘டிசெகா டுரியான்’ என்று எழுதினால் செயலாளரே சிரித்திருப்பார்.

சரி, லிஃப்டுக்கு என்ன எழுதுவது? புரொஹிபிட்டோடு பேனும் ஃபர்பிட்டும் போட்டிக்கு வந்தன. பேன் குட்டையானது, பத்திரிகைத் தலைப்புக்குப் பிடித்தமானது. அதன் பழைய பொருள் ஊரறிய அறிவிப்பது. தேவாலயத்தில் திருமணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்களே, அதற்கு ஆங்கிலத்தில் பேன்ஸ் என்று பெயர், அதே வேர்தான். அதனால்தானோ என்னவோ, பேன் என்றால் ‘இன்று முதல்’ என்ற தொனி வருகிறது. எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்க 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. அதற்கு முதல் நாள் வரை மாமாக் கடையில் எதிர் நாற்காலிக்காரர் ஊதிக்கொண்டுதான் இருந்தார். அது பேன். எங்கள் லிஃப்டில் டுரியானுக்கு அப்படி ஒரு பொற்காலம் இருந்ததே இல்லை. ஃபர்பிட் வேறு வகை, ஆள் ஆளுக்குச் சொல்வது. அப்பா மகனிடம், ‘இனி அந்தப் பக்கம் போகக் கூடாது’ என்பது ஃபர்பிட். விதிப் புத்தகத்தில் அதைப் போட்டால் செயலாளர் எல்லார் வீட்டுக்கும் அப்பா ஆகிவிடுவார். ஆக, வினைச்சொல் வேண்டுமென்றால் புரொஹிபிட். ஆனால் என்னைக் கேட்டால் லிஃப்டுக்கு வினைச்சொல்லே வேண்டாம். நம் ஊர் ஹோட்டல் வாசல்களில் இருப்பது போல, சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட பழத்தின் படம் போதும். நாற்றத்துக்கு இலக்கணம் எதற்கு?

அடுத்து கேட். ‘உணவு கொண்டுவரும் ரைடர்கள் எக்ஸ்குளூட் செய்யப்படுகிறார்கள்’ என்று வரைவில் இருந்தது. படித்தால் ஏதோ சங்கத்திலிருந்து நீக்கிவிட்ட மாதிரி. எக்ஸ்குளூட் என்பதற்கு ஒரு வட்டம் வேண்டும், ஒரு பட்டியல், ஒரு குழு, ஒரு கணக்கு. அதில் சேர்க்காமல் விடுவதுதான் எக்ஸ்குளூட். கேட்டில் ஒருவரை நிறுத்துவது பார். பார் என்றாலே குறுக்குக் கம்பு. வழக்கறிஞர்களை ‘பார்’ என்று சொல்வதும் நீதிமன்றத்தில் குறுக்கே இருந்த மரத்தடுப்பால் வந்ததுதான். எங்கள் கேட்டில் காவலாளி பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் கம்பு இருக்கிறதே, அதுவே அந்தச் சொல்லின் படம். இருந்தாலும் வெயிலில் வியர்த்து வரும் பையனைப் பற்றி பார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘உணவுப் பொட்டலங்களைக் காவல் சாவடியில் பெற்றுக்கொள்ளவும்’ என்று குடியிருப்பவர்களைப் பார்த்து எழுதினேன். ஆள் யாரையும் தடுக்கவில்லை, காரியம் முடிந்தது.

கேமரா பற்றிய வரியில்தான் கொஞ்சம் கண்டிப்பாக இருந்தேன். ‘திருட்டை பிரிவென்ட் செய்ய கேமரா பொருத்தப்பட்டுள்ளது’ என்று இருந்தது. போன வருடம் கேமராவுக்கு நேர் கீழே நின்ற மோட்டார் சைக்கிளைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். படம் தெளிவாக விழுந்திருந்தது, தலைக்கவசம் உட்பட. மோட்டார் திரும்பவில்லை. பிரிவென்ட் என்று எழுதிவிட்டு அப்படி நடந்தால், ‘தடுப்பதாகச் சொன்னீர்களே’ என்று கேட்க வண்டிக்காரருக்கு உரிமை இருக்கிறது. இந்த இடத்துக்கு உரியது டிட்டர். உள்ளே இருக்கும் லத்தீன் வேருக்குப் பொருள் அச்சுறுத்துவது, டெரர் என்ற சொல்லும் அங்கிருந்துதான் வந்தது. பயந்தவன் போய்விடுவான், பயப்படாதவன் எடுத்துவிடுவான். கேமரா டிட்டர் செய்யும், இரும்பு கிரில் பிரிவென்ட் செய்யும். அபராதமும் டிட்டர் வகைதான். விதி மீறினால் 200 வெள்ளி (ரிங்கிட்) வரை நிர்வாகம் அபராதம் போடலாம். இருநூறைக் கட்டிவிட்டு மறுபடி மீறுகிறவர்கள் எல்லா அடுக்குமாடியிலும் இரண்டு பேர் இருப்பார்கள்.

இந்த ஏழு பக்கத்தில் உண்மையிலேயே வழக்குக்குப் போகக்கூடியது ஒன்றுதான். இரண்டு நாள் மூன்று நாள் என்று ஆன்லைனில் வீட்டை வாடகைக்கு விடுவது. வாரக் கடைசியில் பெட்டியை உருட்டிக்கொண்டு யார் யாரோ வருகிறார்கள், இரவு ஒரு மணிக்கு நீச்சல் குளத்தில் பாட்டு. ‘வாடகைக்கு விடுவது பிரிவென்ட் செய்யப்படுகிறது’ என்று தம்பி எழுதியிருந்தார். பிரிவென்டை எடுத்துவிட்டு புரொஹிபிட் போட்டால் ஆங்கிலம் சரியாகிவிடும், சட்டம் சரியாகாது.

காரணம், அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. சிறப்புத் தீர்மானத்தின் வழி நிர்வாகம் கூடுதல் விதிகள் செய்யலாம் என்று சொல்லும் அதே பிரிவு, வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ அடமானம் வைப்பதையோ புரொஹிபிட் செய்யவும் ரெஸ்ட்ரிக்ட் செய்யவும் அந்த விதிகளுக்கு அதிகாரமில்லை என்கிறது. இரண்டு சொல்லையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். ‘நான் முழுதாகத் தடை செய்யவில்லை, ஒரு வரம்புதான் வைத்தேன்’ என்று யாரும் நழுவக் கூடாதே. அப்படியானால் குறுகியகால வாடகையைத் தொடவே முடியாதா? மோன்ட் கியாராவில் ஒரு கட்டடத்தின் நிர்வாகத்துக்கும் அங்கே அப்படி விட்டுவந்த ஓர் உரிமையாளருக்கும் நடந்த வழக்கில் 2020இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. நாலு நாள் வந்து தங்கிப் போகிறவருக்குக் கிடைப்பது தங்கும் அனுமதி மட்டும், அது குத்தகை ஆகாது. ஆகவே நிர்வாகம் அதை புரொஹிபிட் செய்த விதி செல்லும்.

அதனால் எங்கள் விதியில் எது புரொஹிபிட் ஆகிறது என்பதைக் குறுக்கி எழுத வேண்டியிருந்தது. வெறும் ‘வாடகை’ என்று விட்டால் வருடக் கணக்கில் குடியிருக்கும் குடும்பங்களும் அதற்குள் வந்துவிடும். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பிரிக்ளூட் வேலைக்கு வந்தது.

பிரிக்ளூட், எக்ஸ்குளூட் இரண்டின் வாலிலும் இருப்பது ஒரே லத்தீன் சொல், கதவைச் சாத்து என்று பொருள். எக்ஸ்குளூட் கதவைச் சாத்தி ஆளை வெளியே விடுகிறது. பிரிக்ளூட் ஆள் வருவதற்கு முன்பே சாத்திவிடுகிறது. ஆனால் சாத்துகிறவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். ஒரு நிலைமையோ, ஒரு வாக்கியமோ, ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றோதான் பிரிக்ளூட் செய்யும். ‘காவலாளி என்னை பிரிக்ளூட் செய்தார்’ என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். ‘என் வயது என்னை அந்த வேலையிலிருந்து பிரிக்ளூட் செய்தது’ என்றால் சரி. ‘அப்போதே வழி அடைபட்டுவிட்டது’ என்று நாம் சொல்வதற்கு இது நெருக்கம். பேச்சில் வராது, வந்தால் அலட்டலாக இருக்கும். ஆனால் விதி எழுதும்போது எதிர்மறையில் இதற்கு ஈடு இல்லை. ‘இவ்விதி வழக்கமான குத்தகையை பிரிக்ளூட் செய்யாது.’ ‘அபராதம் கட்டியது நிர்வாகம் வழக்குத் தொடர்வதை பிரிக்ளூட் செய்யாது.’ இந்த வரிகளில் புரொஹிபிட் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் நொண்டும். நாம் சொல்ல வருவது, இதனால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதைத்தான்.

நான்கு எக்ஸ்குளூட்களில் மூன்றை எடுத்துவிட்டேன். ஒன்று, பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களைப் பொதுக்கூட்டத்திலிருந்து எக்ஸ்குளூட் செய்வது. அவ்வளவு தூரம் போகச் சட்டம் சொல்லவில்லை. கூட்டத்துக்கு முந்தைய ஏழாம் நாளில் பாக்கி இருந்தால் வாக்களிக்க முடியாது, அவ்வளவுதான். போவது வாக்கு, மண்டபத்தில் நாற்காலி அவருக்கு உண்டு. இன்னொன்று நீச்சல் குளமும் உடற்பயிற்சி அறையும். அதற்கு சஸ்பெண்ட் போட்டேன். கடனைக் கட்டினால் மறுநாளே குளிக்கலாம் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லில் இருக்கிறது, எக்ஸ்குளூடில் இல்லை. மூன்றாவது ரைடர் பையன்கள், அதைச் சொல்லிவிட்டேன்.

விட்டுவைத்தது கார் நிறுத்துமிடப் பொறுப்பு பற்றிய வரி. கார் கீறல் பட்டால் நிர்வாகத்தின் பொறுப்பில் அது சேராது என்பதற்கு எக்ஸ்குளூட்தான் பொருத்தம். காப்புறுதிப் பத்திரத்தில் வருவதும் இந்தப் பொருளில்தான். அதைத் தமிழாக்கும்போது வரும் வம்பை நான் நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மருத்துவக் காப்புறுதிக்கான துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டினார். ‘பல் சிகிச்சை: விலக்கு’ என்று போட்டிருந்தது. “பல்லுக்குக் காசு கட்ட வேண்டாமாம் டீச்சர்” என்று சந்தோஷமாகச் சொன்னார். வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம், அப்படியானால் பல்லுக்கு விலக்கு என்றால்? அவர் படித்ததில் தப்பே இல்லை. தமிழில் விலக்கு இரண்டு வேலை பார்க்கிறது. மதுவிலக்கில் கூடாது என்கிறது, வரிவிலக்கில் உனக்கு மட்டும் வேண்டாம் என்று சலுகை தருகிறது. ஆங்கிலத்தில் சலுகைக்கு எக்ஸெம்ப்ட் என்று தனிச் சொல் இருக்கிறது. மலாயிலும் நம் கதைதான். கெச்சுவாலியிலிருந்து வரும் ‘பெங்கெச்சுவாலியான்’ வரிச் சலுகைக்கும் வரும், காப்புறுதி கழற்றிவிடும் இடத்துக்கும் வரும். அக்காவிடம் ‘பல் இதில் சேராது’ என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பிரசுரத்திலேயே ‘சேராது’ என்று போட்டிருக்கலாம்.

பதினொரு பிரிவென்டில் நான் கை வைக்காமல் விட்டதும் ஒன்றே ஒன்றுதான்: டிங்கி. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் ஏடிஸ் கொசு முட்டையிடாது, காய்ச்சல் வராது. வருவதற்கு முன் நாம் போய் நின்றுகொள்கிறோம். பிரிவென்டின் வேர்ப் பொருளே ‘முன்னால் வருவது’. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் 119ஆம் சங்கீதத்தைப் பாடியவர் ‘விடியலை நான் பிரிவென்ட் செய்தேன்’ என்கிறார். சூரியனை எழவிடாமல் தடுத்தாராம் என்று என் மாணவர்கள் சிரிப்பார்கள். விடியலுக்கு முந்திக்கொண்டு எழுந்தார் என்பதுதான் அங்கே பொருள். வருமுன் காப்பது என்று நாம் சொல்லும் இடமெல்லாம் பிரிவென்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

டிங்கியிலேயே இன்னொரு சொல்லும் உண்டு. காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால் டிங்கியை ‘ரூல் அவுட்’ செய்ய ரத்தம் எடுக்க வேண்டும் என்பார் டாக்டர். அவர் எதையும் தடுக்கவில்லை, அதுவாக இருக்குமோ என்ற சந்தேகத்தை மட்டும் பட்டியலிலிருந்து அடிக்கிறார். சதி நடந்திருக்கும் சாத்தியத்தை ரூல் அவுட் செய்ய முடியாது என்று போலீஸ் சொல்வதும் அப்படித்தான். இங்கே எக்ஸ்குளூடும் வரும், கொஞ்சம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அவெர்ட், கடைசி நிமிடத்தில் ஆபத்தைத் திருப்பிவிடுவது. ஃபோர்ஸ்டால், மற்றவன் செய்வதற்குள் நாம் முந்திச் செய்து அவன் திட்டத்தைக் கெடுப்பது. சரக்கு சந்தைக்கு வருமுன் வழியிலேயே மடக்கி வாங்குவதை இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்தப் பெயரில் குற்றமாக வைத்திருந்தார்கள். ஆப்வியேட், தேவையே இல்லாமல் ஆக்குவது. எலிமினேட் மட்டும் என்னைக் கவரும், வாசற்படிக்கு வெளியே தள்ளுவது என்பது அதன் பழைய பொருள். ஃபோர்குளோஸ் என்ற சொல்லைக் கடன் கட்டாத வீட்டை பேங்க் ஏலம் விடும்போது கேட்டிருப்பீர்கள். எதுவும் எங்கள் ஏழு பக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

இலக்கணத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இருபது வருடம் சிவப்பு மையில் திருத்திய கை சும்மா இராது. பிரிவென்ட், புரொஹிபிட், பேன், பார், பிரிக்ளூட், டிட்டர் ஆறும் ஓர் ஆளைக் குறிப்பிட்டால் அடுத்து ‘ஃபிரம்’ கேட்கும், அதன் பின் வினைக்கு ‘இங்’ வரும். பார் ஹிம் ஃபிரம் என்டரிங். ஃபர்பிட் மட்டும் பழைய வீட்டு மருமகள், ‘டு’ போட்டுத்தான் பேசும்: ஃபர்பிட் ஹிம் டு என்டர். இப்போது அதற்கும் ஃபிரம் போடுகிறார்கள், நான் அடித்துத் திருத்துவதில்லை. நம் பிள்ளைகள் ‘பிரிவென்ட் ஹிம் டு என்டர்’ என்று எழுதுவதற்குக் காரணம் தமிழ். ‘நுழையத் தடை’ என்பதில் இருக்கும் ‘நுழைய’ அவர்களை ‘டு என்டர்’ பக்கம் இழுக்கிறது. வேடிக்கை என்னவென்றால் இழுப்பு இப்போது எதிர்த்திசையிலும் நடக்கிறது. ‘நுழைவதிலிருந்து தடுத்தனர்’ என்று தமிழிலேயே எழுதுகிறார்கள். ஃபிரம் அங்கே வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘நுழையவிடாமல் தடுத்தனர்’ என்று சொல்ல நமக்கு என்ன குறை?

எல்லாம் திருத்திக் கொடுத்த மூன்றாம் நாள் மாலை, நான்காம் மாடி மக்சிக் (மலாய்க்கார அம்மா) கதவைத் தட்டினார். மூன்று பூனை வளர்ப்பவர். கையில் பழைய வரைவின் நகல். செல்லப் பிராணிகள் பற்றிய பகுதியில், அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணிகளை வளர்க்கக் கூடாது என்ற வரிக்குக் கீழே, ‘கேட்ஸ் ஆர் எக்ஸ்குளூடட்’ என்று இருந்தது. “சிக்கு (மலாயில் டீச்சர்), என் பூனைகளை வெளியே அனுப்ப வேண்டுமா?” என்று கேட்டார். அது நான் எண்ணாமல் விட்ட ஐந்தாவது எக்ஸ்குளூட். இந்த விதிக்குள் பூனை வராது என்பதுதான் தம்பி நினைத்தது. மக்சிக் படித்ததோ, இந்தக் கட்டடத்துக்குள் பூனை வரக்கூடாது என்று. எக்ஸெம்ப்ட் போட்டால் மக்சிக்குக்கு நிம்மதி, ஆனால் பூனைகளுக்கு ஏதோ வரிச் சலுகை கொடுத்த மாதிரி இருந்தது. கடைசியில் ‘இந்த விதி பூனைகளுக்குப் பொருந்தாது’ என்று வெறும் ஆங்கிலத்தில் எழுதி செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

“அப்ப பூனை எண்ணிக்கை கூடாம இருக்க என்ன போடுறது டீச்சர்?” என்று பதில் வந்தது.

அதற்கு பிரிவென்ட் போடலாம் தம்பி, ஆனால் அதை மிருக வைத்தியர்தான் செய்ய வேண்டும் என்று தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் மக்சிக் படம் ஒன்று அனுப்பினார். அட்டைப் பெட்டிக்குள் நான்கு குட்டி.